நிறம் பார்த்துப் பிரித்த ஆண் வாத்துகள்

"நிறத்த வெச்சிதான் எடுக்கிறீங்க மேடம். வயல்ல விட்டா எது திரும்பி வரும்னு யாரும் பாக்கலியே."

அடுத்த தலைமுறைக்கு எந்த ஆண் வாத்துகளை வைத்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பண்ணையில் வாத்துகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா சொன்னது இது. நான் கேட்டேன்: "அத எப்படிண்ணா ரெஜிஸ்டர்ல எழுதுறது?" அவர் அதற்கு மேல் பேசவில்லை, அடுத்த வாத்தைப் பிடிக்கப் போய்விட்டார். நான் கேட்டது சரியான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னதற்கு அது பதில் இல்லை. பெங்களூரு ட்ராஃபிக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு திரும்ப வருகிறது.

எங்களிடம் இருப்பவை கேரளாவின் குட்டநாட்டு வாத்துகள். சாரா, செம்பல்லி என்ற இரண்டு வகையும் உண்டு. கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் வயல்களில் உருவான வாத்தை, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், தொட்டபள்ளாபுரம் சாலைப் பக்கம், ஒரு சிமெண்ட் தொட்டியை வைத்துக்கொண்டு வளர்க்கிறோம். ஏன் இங்கே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் பறவைக் காய்ச்சல். 2014-இல் ஆலப்புழையில் வந்தது, 2016-இல் வந்தது, 2021-இல் வந்தது, 2024-இல் அதே மாவட்டத்தின் எடத்துவாவிலும் செருதனையிலும் வந்தது. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பறவைகள் எல்லாவற்றையும் கொன்றாக வேண்டும். நோயில்லாத வாத்தும் அதில் போகும். அப்புறம் விவசாயி புதுக்குஞ்சு வாங்குவார். அந்தக் குஞ்சு பழைய வாத்தின் வழி வந்ததுதானா என்று பார்க்கிற நிலையில் அவர் இருக்க மாட்டார். அதனால் கேரளாவுக்கு வெளியே ஒரு மந்தையாவது தனியாக இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் தனியாக வைத்தால் மட்டும் போதாது. வைத்திருப்பது எது என்று தெரிய வேண்டும். தொல்லை அங்கேதான்.

மஸ்கோவி என்ற ஒரு வகையைத் தவிர உலகத்து வளர்ப்பு வாத்துகள் எல்லாமே மல்லார்ட் என்ற ஒரே காட்டு வாத்தின் வம்சம். ஆணின் தலையில் மின்னும் பச்சை, வால் மேலே சுருண்ட இறகு, பெட்டையின் பழுப்பு, இவை எந்த நாட்டு வாத்திலும் வரும். காக்கி கேம்பல் என்ற வாத்து இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1900-ஐ ஒட்டி இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் அடேல் கேம்பல் என்ற பெண்மணி ரன்னர், ரூவான், மல்லார்ட் மூன்றையும் கலந்து உருவாக்கியது. ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். சாராவும் செம்பல்லியும் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் முட்டைக்காக அதைக் கலப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதுவும் பழுப்பு, அதன் ஆணுக்கும் தலையில் பச்சை கலந்த கருமை. செம்பல்லிக் கூட்டத்தில் காக்கி ரத்தம் புகுந்தால், இரண்டு மூன்று தலைமுறையில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். பெக்கின் என்ற வெள்ளை வாத்து இனம் கலந்தால் அப்படி இல்லை, கழுத்தடியில் வெள்ளைத் திட்டு, இறக்கையில் வெள்ளை இறகு என்று எங்காவது காட்டிக்கொடுக்கும். நான் கண்ணால் கழிக்க முடிவது இந்த இரண்டாவது வகையைத்தான். அதிகம் புகுந்திருக்கக் கூடியது முதல் வகை.

அன்றைக்குப் பன்னிரண்டு ஆண்கள். ஆண் வாத்து இறகு உதிர்க்கும் மாதங்களில் பெட்டையைப் போலத்தான் தெரியும், அப்போது தரம் பிரிப்பதில் அர்த்தமில்லை. அதனால் புது இறகு முளைத்து முடியும்வரை காத்திருந்தேன். அண்ணா ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மறு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளிச்சத்தில் காட்டுவார். வாத்துக்குக் கால் பலவீனம், கோழியைப் போலக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. நான் அலகு, கழுத்து, இறக்கை என்று விரித்துப் பார்த்து எழுதுவேன். நான்கு ஆண்களுக்குத் தொண்டைக்குக் கீழே வெள்ளை. அதில் ஒன்றுக்குக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு, இடது இறக்கையில் இரண்டு வெள்ளை இறகு. அந்த வாத்தைக் காட்டும்போதுதான் அண்ணா அந்த வார்த்தையைச் சொன்னார். சாயங்காலம் கொட்டகைக்கு முதலில் நடக்கும் வாத்து அது. அது நடந்தால் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். இது எனக்கும் தெரிந்த விஷயம்தான்.

அண்ணா செய்யாறு பக்கம். எங்களிடம் வருவதற்கு முன்பு, அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்த்தபடியே நெல்லூர் வரை போனவர். ராத்திரி வலை கட்டிப் பட்டியில் அடைப்பார்கள். விடிவதற்குள் வாத்துகள் முட்டையிட்டுவிடும். அதைப் பொறுக்கிய பிறகுதான் திறந்துவிடுவார்கள். நடக்க முடியாத வாத்து பின்தங்கும், நரி பிடிக்கும், அல்லது வேறொருவர் மந்தையோடு போய்விடும். திரும்பி வந்ததன் முட்டையைத்தான் அடைக்கோழிக்கு அடியில் வைத்து 28 நாளில் பொரிக்க வைப்பார்கள். அவர்கள் ஊரில் சன்னியாசி, கீரி என்று வாத்துக்குப் பெயர் உண்டு. ஆனால் அவர் என்னிடம் வாத்துகளைப் பற்றிப் பேசியதெல்லாம் எது நடக்கும், எது கூப்பிட்டால் வரும் என்பதுதான்.

குட்டநாட்டு வாத்தும் அப்படி நடந்தே உருவானதுதானே? அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிக்கொண்டு, வயல் மாறி வயல் போய், தலைமுறை தலைமுறையாகக் கழிந்தது கழிய மிஞ்சியது. எங்கள் கொட்டகையில் எல்லாவற்றுக்கும் தீவனம் கிடைக்கிறது. எதுவும் தொலைவதில்லை. இங்கே கழிப்பது ஒரு ஆள்தான், அது நான். நான் கழிப்பது நிறத்தை வைத்து. இப்படியே பத்துத் தலைமுறை போனால், சாராவின் இறகு அப்படியே இருக்கும், வயலில் விட்டால் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த இடத்துக்கு வரும்போது நான் எப்போதும் மறு பக்கம் போய்விடுகிறேன். அண்ணாவின் வழியில் எல்லோரும் போயிருந்தால் இன்றைக்குச் சாரா என்ற ஒன்றே இருக்காது. நடக்கிற வாத்து எதுவானாலும் சேர்த்துக்கொள்வார்கள். காக்கி கேம்பலை வாங்கி விட்டவர்களும் மேய்ப்பவர்கள்தான். ஒருநாள் அவரிடமே இதைச் சொன்னேன். "முட்ட கொறஞ்சா எங்களுக்கு யாரு மேடம் சோறு போடுவாங்க?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் எண்ணிக்கை. ஆணும் பெட்டையும் சமமாக இல்லாத ஒரு மந்தை, இனப்பெருக்கத்தில் உண்மையில் எத்தனை பறவைக்குச் சமம் என்று பார்க்க மரபியலில் ஒரு கணக்கு உண்டு. ஆண்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். எங்களிடம் பெட்டை ஐம்பது. பன்னிரண்டு ஆணையும் வைத்தால் அந்த மந்தை ஏறக்குறைய 39 பறவைக்குச் சமம். நான்கைக் கழித்து எட்டை வைத்தால் 28-க்குக் கீழே. நிறத்தில் இன்னும் கறாராக இருந்து ஐந்தை மட்டும் எடுத்திருந்தால் 18. இந்த எண் குறையக் குறைய நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகும், பொரிப்பு குறையும், குஞ்சு சாகும். குறைந்தது 50 வேண்டும் என்பது உலகளவில் சொல்லப்படும் அளவு. எந்த வழியில் போனாலும் நாங்கள் அதற்குக் கீழேதான். ஐந்து என்ற இடத்துக்குப் போகாமல் எட்டில் நிறுத்தியது நான்தான், அந்த அளவுக்கு எனக்கு நிம்மதி உண்டு. ஆனால் ஒன்பதாவதாக, முன்னால் நடக்கும் அந்த ஆணை வைத்திருந்தால் 30-ஐத் தொட்டிருக்கும். நாட்டு வாத்துகளிலும் கழுத்தடி வெள்ளை வருவதுண்டு. அசாம் பக்கத்து நாகேஸ்வரிக்கு நெஞ்சே வெள்ளை. அப்படியானால் அந்தத் திட்டு பெக்கினிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது?

டிஎன்ஏ பார்க்கலாமே என்று கேட்பார்கள். தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அப்பன் யார் என்று சொல்லாது. முழுச் சோதனை செய்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகமில்லாத சாரா ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தை முதலில் யாரோ கண்ணால் பார்த்துத்தானே பிரித்திருப்பார்கள்.

கழித்த நான்கையும் தனிக் கொட்டகையில் வைக்கலாம் என்று பண்ணை நிர்வாகத்திடம் கேட்டுப் பார்த்தேன். தீவனச் செலவு, இடம் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை. நான்கும் கறிக்காக எடைக்குப் போயின. அன்று சாயங்காலம் மற்ற வாத்துகள் கொட்டகைக்கு வந்தனவா என்றால், வந்தன. கொஞ்ச நேரம் கூடுதலாகத் தொட்டி ஓரம் நின்றன என்று அண்ணா சொல்கிறார், எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு வாரத்தில் வேறொரு ஆண் முன்னால் நடந்தது. அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். அந்தக் குணம் ஒன்றோடு போகவில்லை, கூட்டத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அண்ணாவோ, "பின்னால போறதுக்கு ஆள் இருந்தா எதுவும் முன்னால நடக்கும்" என்கிறார்.

இந்த முறை ரெஜிஸ்டரில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: மேய்ச்சல், திரும்புதல். அதில் என்ன எழுதுவது என்று இருவரும் இன்னும் தீர்மானிக்கவில்லை. பக்கத்து ஏரியோரம் விட்டுப் பார்க்கலாம் என்கிறார் அண்ணா. குளிர்காலத்தில் அங்கே வெளியூர்ப் பறவைகள் இறங்கும். காய்ச்சலுக்குப் பயந்து இங்கே கொண்டுவந்து வைத்த மந்தையை அந்தத் தண்ணீரில் விடச் சொல்லி நான் கையெழுத்துப் போட முடியாது. கேழ்வரகு அறுத்த நிலத்தில் விடலாம் என்றேன். "அது வயலா மேடம்?" என்றார்.