பாதி மாத்திரைகள்

பக்கவாதத்தோடு ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வரும்போது நாங்கள் முதலில் கேட்பது "என்ன ஆயிற்று?" என்று அல்ல. "இவர் கடைசியாக நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்?" என்றுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது இந்தப் பதிலிலிருந்துதான்.

செவிலியராக அமெரிக்காவின் வட மாநிலம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் இதே கேள்வியைக் கேட்டேன். பெரும்பாலும் நோயாளியின் மகனோ மகளோ பதில் சொல்வார்கள். கணவரின் வேலை மாற்றத்தால் தென் கரோலினாவின் கடலோரச் சமவெளிக்கு வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். இங்கே பல முறை பதில் சொன்னது நோயாளியின் தாய்.

பாடப்புத்தகத்தில் படிக்காதது அல்ல. வட கரோலினாவில் தொடங்கி ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி வழியாக லூசியானா, ஆர்கன்சா வரை எட்டு மாநிலங்களுக்கு 'ஸ்ட்ரோக் பெல்ட்', அதாவது பக்கவாதப் பட்டை என்று பெயர். பக்கவாதத்தால் இறப்பவர்கள் அங்கே அதிகம் என்பது பல தலைமுறைகளாகத் தெரிந்த செய்தி. இரு கரோலினாக்கள், ஜார்ஜியா ஆகியவற்றின் கடலோரச் சமவெளி அந்த பெல்ட்டின் 'பக்கிள்', அதாவது கொக்கி. நான் வேலைக்குச் சேர்ந்த ஊர் சரியாக அந்தப் பக்கிளில் இருந்தது. என்றாலும் வரைபடத்தில் அடர்சிவப்பாகப் பார்ப்பது வேறு, 46 வயதுப் பெண்ணின் வலது கை படுக்கையிலிருந்து நழுவித் தொங்குவதைப் பார்ப்பது வேறு.

அவர் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்பவர், கறுப்பினப் பெண். காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது கையிலிருந்த கோப்பை விழுந்தது. அதைப் பார்த்தது அவருடைய தாய். ஆம்புலன்ஸ் வந்து, நெடுந்தொலைவு ஓடி எங்களிடம் சேர்ந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரத்த அழுத்தம் 214க்கு 118. அதை முதலில் இறக்கினால்தான் ஊசி போட முடியும். இறக்கினோம், போட்டோம்.

பேச்சைச் சோதிக்க எங்களிடம் ஒரு படத்தாள் உண்டு. கையுறை, சாவி, கள்ளிச்செடி, நாற்காலி, இறகு, மரத்தில் கட்டும் தூளி என ஆறு படங்கள். கேட்டு எழுதுவது என் வேலை. அவர் சாவியைப் பார்த்து வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. விரலைத் திருப்பிப் பூட்டைத் திறப்பதுபோல் செய்து காட்டினார். அது என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும், பெயர் மட்டும்தான் தொலைந்துபோயிருந்தது.

நெருக்கடி அடங்கியதும் நோயாளியின் கோப்பில் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதித் தந்திருக்கிறார்கள், இருந்தும் அழுத்தம் இந்த உயரத்தில். நான் எழுதியது: 'மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர்.' அந்த வரியை எழுத எனக்கு ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அது எங்கள் தொழிலில் கைப்பழக்கமாகிவிட்ட ஒரு வரி. எழுதிவிட்டால் அதற்கு மேல் எதையும் தேட வேண்டியதில்லை.

எங்கள் பிரிவின் மூத்த செவிலியர் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, "கேட்டுவிட்டு எழுதினாயா?" என்றார். கேட்கவில்லை.

அப்போது எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றைப் பின்னர் படித்தேன். பெல்ட்டின் புதிரை ஆராய, அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்திலிருந்து 'ரிகார்ட்ஸ்' என்ற ஆய்வு நடக்கிறது. 2003 முதல் 2007 வரை 45 வயதும் அதற்கு மேலும் ஆன 30,239 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 42 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். வீட்டுக்கே போய் அழுத்தம் பார்த்து, ரத்தம் எடுத்து, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தார்கள். தமக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதை அறிந்திருந்தவர்களும், அதற்கு மருந்து எடுத்துக்கொண்டவர்களும் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில்தான் அதிகம். ஆனால் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் குறைவு. நான் எழுதிய வரிக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு பத்துப் புள்ளி கூடினால் வெள்ளையருக்குப் பக்கவாத அபாயம் 8 விழுக்காடு உயர்ந்தது, கறுப்பினத்தவருக்கு 24 விழுக்காடு. 45 வயதையொட்டிய கறுப்பினத்தவருக்குப் பக்கவாதம் வரும் வேகம் வெள்ளையரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 85 வயதுக்கு வரும்போது அந்த வேறுபாடே இல்லை.

வறுத்த உணவு, பதப்படுத்திய இறைச்சி, இனிப்பூட்டிய பானம் என்று தென்னகச் சாப்பாட்டின் மீதும் பழி உண்டு. அதில் உண்மையும் உண்டு. பதின்ம வயதை பெல்ட்டில் கழித்தவர்களுக்கு அபாயம் கூடுதல் என்றும் அதே ஆய்வு காட்டியது. சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எங்களுக்குச் சுலபம், நோயாளிக்கு அறிவுரை சொல்லி அனுப்பிவிடலாம். பதின்ம வயதுக்கு யாரிடம் போய் அறிவுரை சொல்வது?

மறுநாள் பிற்பகல் தாயார் கைப்பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இருந்தவை எல்லாம் பாதி மாத்திரைகள். கத்தியால் வெட்டியவை, ஓரம் உதிர்ந்து புட்டியின் அடியில் வெள்ளைத் தூளாகக் கிடந்தது. புட்டியின் மேல் இருந்த பெயர் மகளுடையது அல்ல, தாயாருடையது.

மாத்திரை விலை அதிகமில்லை என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "மாத்திரைக்கு அல்ல, சீட்டுக்குத்தான் காசு" என்றார் அவர். சீட்டு வேண்டுமானால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மகளுக்குக் காப்பீடு இல்லை. சீசன் முடிந்தால் வேலையும் இல்லை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க மறுத்த மாநிலங்களில் தென் கரோலினாவும் ஒன்று. தாயாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, 65 வயதிலேயே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் கிடைத்துவிட்டது. அவர் பெயரில் வரும் மாத்திரையை இருவருமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோப்புக்குப் போய் நேற்றைய குறிப்புக்குக் கீழே திருத்தம் எழுதினேன். பழைய வரியை அழிக்க முடியாது, விதி அப்படி. என் பெயரும் நேரமும் ஒட்டியபடி அது அங்கேயே இருக்கிறது.

திரும்பி வந்தபோது மகள் படத்தாளைப் பார்த்து, இழுத்து இழுத்து "சா... வி" என்றார். தாயார் இருக்கையிலிருந்து எழுந்து கைதட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரத்தைத் தாயார் பக்கம் தள்ளி, சட்டைக் கையை மேலேற்றச் சொன்னேன்.

"என்னை விடு அம்மா, அவளைப் பார்" என்றார்.

பட்டை இறுகித் தளர்ந்தது. 178க்கு 96.