வெறும் சோறு தின்கிறவனுக்கு என்ன வியாதி?

இத்தாலியில் இருக்கும் பதுவை நகரம் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு அந்தோணியார் ஞாபகம் வருவார். அறிவியல் படித்தவர்களுக்குக் கலிலியோ. எனக்கு 3 கிலோவாட்.

இத்தாலியில் சாதாரண வீட்டு மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். அதற்கு மேல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அப்புறம் டப்பென்று வீடே இருண்டுவிடும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, கீழே வரிசையாக இருக்கும் மீட்டர்களில் நம்முடையதைத் தேடி, சுவிட்சைத் தூக்கிவிட்டு வரவேண்டும். ஓவன் ஓடினால் வாஷிங் மெஷின் கூடாது. வாஷிங் மெஷின் ஓடினால் ஹேர் டிரையர் கூடாது. ஒரே வீட்டில் கூட்டாகத் தங்கியிருக்கும் மாணவர்களுக்கு அடக்கம், பொறை, காலம் அறிதல் எல்லாவற்றையும் கற்றுக்கொடுப்பது இந்த மீட்டர்தான்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். ஒருவன் ட்ரெவிசோக்காரன், உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறான். ஊர் பக்கத்திலேயே இருப்பதால் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெட்டி நிறைய அழுக்குத் துணியோடு ரயிலேறிவிடுவான். ஞாயிறு இரவு அதே பெட்டியில் தேய்த்து மடித்த துணியும், டப்பாவில் லசான்யாவும் வந்து இறங்கும். இன்னொருவன் தெற்கே பாரியிலிருந்து வந்தவன். அவனால் வாராவாரம் ஊருக்குப் போக முடியாது, அதனால் ஊர் அவனைத் தேடி அட்டைப்பெட்டியில் வரும். ஐந்து லிட்டர் ஆலிவ் எண்ணெய் டின், தாரல்லி என்று மொறுமொறுவென ஒரு வளையம், எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய், ஆகஸ்ட் மாதம் குடும்பமே கூடி உட்கார்ந்து காய்ச்சி அடைத்த தக்காளிச் சாறு. தெற்கிலிருந்து வடக்கே படிக்கப் போன பிள்ளைகளுக்கு இப்படிப் பார்சல் அனுப்புவது இந்த நாட்டில் ஊரறிந்த வழக்கம். அதை வைத்து அவர்களே எக்கச்சக்கமாகக் கேலி செய்துகொள்வார்கள், பார்சல் மட்டும் நிற்காது.

மூன்றாவது ஆள் நான், திண்டுக்கல். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் கல்லூரிக் கட்டணமும் குறையும் என்பதால் இங்கே வந்து சேர்ந்தவன். எங்கள் வீட்டு வருமானச் சான்றிதழுக்கு ஒரு மரியாதை கிடைத்தது என்றால் அது இத்தாலியில்தான். எனக்குப் பார்சல் வராது. ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு வங்கதேசக்காரர் கடை இருக்கிறது. பச்சைமிளகாய், கடுகு, ஊறுகாய் எல்லாம் அவர் புண்ணியம். கறிவேப்பிலை விலையைக் கேட்டால் மட்டும் அதை எண்ணித்தான் தாளிக்கத் தோன்றும்.

நடந்தது ஜனவரியில். வெளியே நாலு அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம், உள்ளே தேர்வுக் காலம். பாரிக்காரன் ஓவனில் பொக்காச்சா ரொட்டியை வைத்திருந்தான். தேர்வுக்காக ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட ட்ரெவிசோக்காரன், வாழ்க்கையில் அபூர்வமாகத் தன் துணியைத் தானே மெஷினில் போட்டிருந்தான். நான் ரைஸ் குக்கரை அமுக்கினேன். வீடு இருண்டது.

மீட்டரைச் சரிசெய்துவிட்டு வந்த பிறகு மூவரும் ஒரே நேரத்தில் சமையலறையில் இருந்தோம். வழக்கமாக நான் சாப்பிடும் நேரம் வேறு, அவர்கள் நேரம் வேறு. அன்றைக்குத்தான் பாரிக்காரன் என் தட்டை நன்றாகப் பார்த்தான்.

"வயிறு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கு."

அவன் நம்பவில்லை. தட்டில் இருந்தது வெறும் வெள்ளைச் சோறு.

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. ஐரோப்பாவிலேயே அதிகம் அரிசி விளைவது இத்தாலியில்தான். வடக்கே வெர்செல்லி, பாவியா பக்கம் போனால் தண்ணீர் நிற்கும் வயல்களைப் பார்த்து மனசு தஞ்சாவூருக்குப் போய்விடும். ஆனால் அந்த அரிசியை அவர்கள் சும்மா விடமாட்டார்கள். மிலானில் குங்குமப்பூ போடுவார்கள், பதுவை பக்கம் பச்சைப் பட்டாணி போடுவார்கள், எங்கே போனாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். எதுவும் போடாமல் வேகவைத்த வெள்ளைச் சோறு என்பது அங்கே வயிற்றுப்போக்கு வந்தவனுக்கான பத்தியம். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுப்பது மாதிரி. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைத்தான் தினமும் இரண்டு வேளை தின்றுகொண்டிருக்கிறேன். இவ்வளவு நாளும் அவன் என்னை எப்படிப் பார்த்திருப்பான் என்பது அப்போதுதான் புரிந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோற்றின் மேல் தயிரை ஊற்றினேன். வெள்ளை மேல் வெள்ளை. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டது போல இருந்தது.

"இந்த யோகர்ட் எங்கே வாங்கினாய்?"

"வாங்கலை. ரேடியேட்டர்ல செய்தது."

சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. பதுவை குளிரில் தயிர் உறைய வைக்க வேறு வழி கிடையாது. இந்தப் பகுதியில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் வீடுகளில் சூடேற்றும் கருவியை ஓட்டலாம், அதுவும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 14 மணி நேரம். எங்கள் குடியிருப்பில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே கொதிகலன், ராத்திரியில் நிறுத்திவிடுவார்கள். அதனால் மத்தியானமே பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, ரேடியேட்டர் மேல் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் பாத்திரத்தை வைத்து, இன்னொரு துண்டால் மூடிவிடுவேன். கல்லாட்டம் உறையும். ஹாலில் எப்போதும் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று இருக்கிறதே என்று நினைத்த பாரிக்காரன், அது என் பிரார்த்தனை சம்பந்தப்பட்டது போல என்று மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறான். பாலைத்தான் வெந்நீர்க் குழாய் மேல் கெட்டுப்போக வைத்து நான் குடிக்கிறேன் என்று தெரிந்ததும் அவனால் தாங்க முடியவில்லை. போனை எடுத்தான். அம்மாவைக் கூப்பிட்டான்.

இத்தாலிக்காரர்கள் எல்லோரும் பாதி டாக்டர்கள். அவர்கள் மருத்துவத்தில் இரண்டே துறைகள். ஒன்று செரிமானம், இன்னொன்று காற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கப்புச்சினோ குடித்தால் பால் வயிற்றில் கனத்துவிடும். சாப்பிட்டுவிட்டுக் கடலில் இறங்கினால் அவ்வளவுதான், மூன்று மணி நேரம் கரையில் உட்கார வேண்டும். கழுத்தில் குளிர்காற்று பட்டால் ஒரு வாரம் திரும்ப முடியாது. ஈரத்தலையோடு வெளியே போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கேட்க வேண்டும். ஒருநாள் குளித்துவிட்டு அப்படியே குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நாயோடு நின்றிருந்த அந்தம்மா என்னைப் படியேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். குப்பைப் பையையும் திறந்து பார்த்து, கண்ணாடிப் பாட்டிலைக் காகிதத்தோடு போட்டதற்குத் தனியாக ஒரு பாட்டு.

சரி, பாரிக்கு வருவோம். ஸ்பீக்கரில் பாரிக்காரனின் அம்மா பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை, மகன் மொழிபெயர்த்தான். என் வயது, எடை, கடைசியாக நன்றாகச் சாப்பிட்டது எப்போது, தாயார் உயிரோடு இருக்கிறாரா என்று எல்லாம் விசாரித்தார். கடைசியில் மருந்து சொன்னார். எலுமிச்சைத் தோலைச் சீவித் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சூடாகக் குடிக்க வேண்டும். கனாரினோ என்று பெயர். குடித்தேன். மோசமில்லை, உப்பும் மிளகும் போட்டிருந்தால் ரசமாகியிருக்கும்.

மறுநாள் ட்ரெவிசோக்காரன் தன் பங்குக்கு மருந்துக்கடையிலிருந்து ஒரு பெட்டி வாங்கிவந்தான். உள்ளே சின்னச் சின்னக் குப்பிகள். குடலுக்கு நல்லது, நல்ல பாக்டீரியா, தினம் ஒன்று குடி என்றான். லேபிளைப் படித்தேன். லாக்டோபாசில்லஸ். பாலைத் தயிராக்குகிற அதே பாக்டீரியா வகை. அவன் கையைப் பிடித்து ரேடியேட்டருக்கு அழைத்துப்போய்த் துண்டை விலக்கிக் காட்டினேன். உயிரித்தொழில்நுட்ப மாணவனல்லவா, குப்பியைப் பார்த்தான், பாத்திரத்தைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. பாரிக்காரன்தான் குறுக்கே வந்தான்.

"அது மருந்துக்கடையில் வாங்கினது. இது ரேடியேட்டரில் செய்தது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?"

இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இதற்கிடையில் பாரியில் நோய் வேறு கட்டத்துக்குப் போய்விட்டது. எலுமிச்சைத் தண்ணீர் குடித்தும் பையன் அதே வெள்ளைச் சோற்றைத்தான் தின்கிறான் என்ற தகவல் போனதும், இது வயிறு இல்லை, கண் என்று அந்தம்மா முடிவுகட்டிவிட்டார். தெற்கு இத்தாலியில் கண் திருஷ்டிக்கு ஒரு பரிசோதனை உண்டு. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, ஆலிவ் எண்ணெய் சில சொட்டு விடுவார்கள். சொட்டு முழுசாக மிதந்தால் ஒன்றுமில்லை. கலைந்து பரவினால் கண் பட்டிருக்கிறது. ஆள் நேரில் இருக்க வேண்டியதில்லை, பெயர் போதும். அதற்கு ஒரு ஜெபம் உண்டு, அதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில்தான் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். என் பெயரைப் பாதியோடு நிறுத்திக்கொண்டு எண்ணெயை விட்டார். பரவிவிட்டது. "பார், சொன்னேன் அல்லவா" என்று போனில் ஒரு வெற்றிக் குரல்.

இந்தக் கூத்தை எல்லாம் சிரிப்பாக இருக்குமே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"அந்தம்மா சொல்றது சரிதான்டா. வெனிஸ் போட்டோவ ஸ்டேட்டஸ்ல போடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

"அம்மா, எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லம்மா."

"அப்படித்தான் இருக்கும் முதல்ல. வீடியோ கால் போடு."

போட்டேன். அம்மா ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் உப்பு, மிளகாயையும் வைத்துக்கொண்டு, போனைச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்குத் திரையில் மிளகாய், சீலிங் ஃபேன், பீரோ, மறுபடி மிளகாய் என்று மாறி மாறி வந்தது. பக்கத்தில் பாரிக்காரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி முடித்து அடுப்பில் போட்டதும் அம்மா, "நெடியே வரலை பாத்தியா, அவ்வளவு கண்ணு" என்றாள். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவன் எழுந்து நின்று, இதை என் அம்மா பார்த்தே ஆகவேண்டும் என்றான். அப்படித்தான் இரண்டு அம்மாக்களும் ஒரே திரையில் வந்தார்கள். இவர் தமிழில் பேசினார், அவர் பாரிப் பேச்சில் பேசினார். அவர் எண்ணெய்த் தட்டைக் காட்ட, இவர் மிளகாயைக் காட்ட, இருவரும் பலமாகத் தலையாட்டிக்கொண்டார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் என் வாய்மொழித் தேர்வு. இங்கே பல பாடங்களுக்குப் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். மற்ற மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், பார்க்கவும் செய்வார்கள். மதிப்பெண் 30-க்கு, தேற 18 வேண்டும். பேராசிரியர் ஒரு மதிப்பெண்ணைச் சொல்வார், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வந்து மறுபடி உட்காரலாம். காய்கறிக் கடையைத் தவிர இப்படிப் பேரம் படியாமல் எழுந்து வரும் வசதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கலிலியோ இந்தப் பல்கலைக்கழகத்தில் 1592 முதல் 1610 வரை 18 ஆண்டுகள் இருந்தார், வாழ்நாளிலேயே சிறந்த ஆண்டுகள் அவை என்று பின்னால் எழுதினார். எழுதுவார். அவர் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருந்தவர்.

எனக்கு 28 வந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பாரியில் அது எண்ணெய் ஜெபத்தின் பலன். திண்டுக்கல்லில் மிளகாயின் பலன். ட்ரெவிசோக்காரன் குப்பியைக் காட்டினான். ராத்திரி பகலாக உட்கார்ந்து படித்ததைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

அடுத்த பார்சலில் என் பெயர் எழுதிய ஒரு பொட்டலம் தனியாக வந்தது. நட்சத்திர வடிவில் பொடிப்பொடியான பாஸ்தா. காய்கறிச் சாற்றில் வேகவைத்து, உடம்பு முடியாத குழந்தைகளுக்குக் கொடுப்பது. நான் அதை வேகவைத்துத் தயிர் ஊற்றிப் பிசைந்து கடுகு தாளித்தேன். நன்றாகவே இருந்தது. பாரிக்காரன் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அம்மாக்கள் விட்டுவிடவில்லை. எண் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். காலையில் பாரியிலிருந்து காபிக் கோப்பையும் பூவுமாக ஒரு வணக்கப் படம் போகும், திண்டுக்கல்லிலிருந்து ரோஜாப்பூவில் பனித்துளியோடு ஒரு காலை வணக்கம் வரும். இதற்கு மொழியே தேவையில்லை என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் யாரோ புண்ணியவான் அவர்களுக்குப் போனில் மொழிபெயர்ப்பு வசதி இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

நேற்று காலை அம்மா கூப்பிட்டாள்.

"முந்தாநேத்து ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தியாமே?"

பாரிக்காரன் அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தான். திரும்பவே இல்லை.

"வந்து குளிச்சிட்டு, தலையக்கூடத் துவட்டாம படுத்தியாமே?"