உளுந்து விற்ற காசில் ஒரு போன்

பழைய போனின் முதுகு உப்பியதை முதலில் கவனித்தது என் மாமியார்தான். "என்னடி இது, பூரி மாதிரி எழும்பிக்கிட்டு வருது?" என்றார். பவுச் சரியாக மாட்டவில்லை போல என்று நினைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் திரை ஒரு ஓரத்தில் பிளந்து நிற்கிறது. கொழுந்தனார் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறார், அவரைக் கூப்பிட்டேன். "பேட்டரி உப்பிடுச்சு அண்ணி. இனிமே சார்ஜ்ல போடாதீங்க, அழுத்தவே அழுத்தாதீங்க, தீப்பிடிச்சிடும்" என்று கத்தினார். எந்தப் போனில் கத்தினார் என்று கேட்காதீர்கள். அதே போனில்தான்.

நாலு வருஷம் உழைத்த போன். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டது நான். உப்பாமல் என்ன செய்யும்? அணைத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துத் திண்ணையில் தள்ளினேன். அணைக்கும்போது 38 சதவீதம் சார்ஜ் இருந்தது. அந்த 38-க்குள் அதிலிருந்து எல்லாவற்றையும் புதுப் போனுக்கு மாற்றியாக வேண்டும் என்பது அப்போதே மனதில் ஓடியது.

நாங்கள் இருப்பது நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குத் தெற்கே, பாமணியாற்றுக் கரையோரம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். 15 மா நிலம், ஏக்கர் கணக்கில் ஐந்து. அதை நானும் அத்தையும் பார்த்துக்கொள்கிறோம். தை அறுவடைக்கு முன்னால் ஈரத்திலேயே தெளித்த உளுந்து இந்த வருஷம் ஏமாற்றவில்லை. விற்ற காசில் குறுவை விதைக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்ததுபோக 13,000 ரூபாய் மிச்சம். போனுக்கு அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

உடனே கடைக்கு ஓட முடியவில்லை. நாற்றங்கால் வேலை இருந்தது. வங்கியோடு இணைத்த சிம்மை அத்தையின் பட்டன் போனில் போட்டுக்கொண்டேன். இன்னொரு சிம் 4ஜி மட்டும்தான், அந்தப் போனில் அது உயிரே காட்டவில்லை. அப்படி ஒன்பது நாள் ஓடியது. எரிச்சலான நாட்கள்தான், ஆனால் ஒரு காரியம் செய்தேன். "ஐயோ, போன் இருந்தால்..." என்று எப்போதெல்லாம் தோன்றியதோ, அதை மகளிர் குழு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

ஒன்பது நாளில் அந்தப் பக்கத்தில் விழுந்தவை இவை. இரவு எட்டு மணி வீடியோ கால் (அங்கே பத்தரை), பக்கத்து வீட்டில் போய்ப் பேச வேண்டியிருந்தது. குழுக் கூட்டத்துப் படம், வருகைப் பதிவு. மகளின் பள்ளி குரூப். டீசல், உரம், மளிகை எல்லாவற்றுக்கும் ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டுவது. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்ப்பது. இதை ஒருநாளைக்கு நாலு தடவை எழுதியிருக்கிறேன். ஜூன் மாதம் எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். உழவன் செயலியில் விதை இருப்பு. அப்புறம் நாற்றங்கால் படம்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். நாற்றின் நுனி சுருண்டு மஞ்சளாகியிருந்தது. ஈரக் கையால் நாற்றின் மேல் ஒரு தடவு தடவிப் பார்த்தேன், உள்ளங்கையில் பொடிப் பொடியாகக் கறுப்பாக ஒட்டியது. இலைப்பேன். வேளாண்மை அலுவலரிடம் காட்டப் படம் எடுக்க வேண்டும், கையில் இருப்பதோ பட்டன் போன். நாற்றைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நேரில் போனேன்.

நோட்டில் ஒருமுறைகூட வராதவை: கேம், செல்ஃபி, சினிமா. கொழுந்தனார் வாட்ஸப்பில் அனுப்ப நினைத்த பட்டியல் (எனக்குத்தான் வாட்ஸப் இல்லையே, வாய்மொழியாகச் சொன்னார்) முழுக்க அந்த மூன்றுக்கும் ஆனதாக இருந்தது. 120 ஹெர்ட்ஸ் திரை, பெரிய பிராசசர், 108 மெகாபிக்சல். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் போனில் அவர் செய்வது அதுதான்.

சிக்னல் விஷயத்தைக் கடையில் கண்டுபிடிக்க முடியாது, வீட்டில்தான் பார்க்க வேண்டும். எங்கள் அடுப்படியில் ஒரு புள்ளி நின்றாலே பெரிய விஷயம். அக்கம்பக்கத்தில் மூன்று பேரிடம் வேறு வேறு போன் இருந்தது. ஆளுக்கு அரைமணி நேரம் கடன் வாங்கி, என் சிம்மைப் போட்டு, அடுப்படி, திண்ணை, பம்பு செட் மூன்று இடத்திலும் நின்று பேசிப் பார்த்தேன். ஊரில் எல்லோரும் "5ஜி வாங்கு, 5ஜி வாங்கு" என்றார்கள். இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபரில். எங்கள் திண்ணையில் அது எட்டிப் பார்க்கிறது, அடுப்படிக்குள் வருவதில்லை, தானாக 4ஜிக்கு இறங்கிவிடுகிறது. கொழுந்தனார் காரணம் சொன்னார்: 700 மெகாஹெர்ட்ஸ் மாதிரிக் குறைந்த அலைவரிசை சுவரைத் தாண்டி உள்ளே வரும், தூரமும் போகும், 3500 மாதிரி உயர்ந்தது வேகமாக இருக்கும், ஆனால் சுவரில் முட்டி நின்றுவிடும். அதனால் போன் பெட்டியில் 5ஜி என்று போட்டிருந்தால் போதாது, நம் சிம் கம்பெனி பயன்படுத்தும் அலைவரிசை எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரையே பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவருக்கும் ஒரு வேலை ஆயிற்று.

மன்னார்குடிக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனேன், வேண்டுமென்றேதான். பந்தலடியில் பஸ் இறங்கி முதல் கடை. "என்ன பட்ஜெட் அக்கா?" என்றான் பையன். சொன்னேன். மூன்று போனை மேஜையில் வைத்துவிட்டு, "இதுல 16 ஜிபி ரேம் அக்கா" என்று ஸ்டிக்கரைக் காட்டினான். ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில் 8 கூட்டல் 8 என்று இருந்தது. ரேம் என்பது போன் ஓடும்போது வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நினைவகம். இரண்டாவது 8 நிஜ ரேம் இல்லை. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் மாதிரி ஓட்டுவது, வேகம் அதில் பாதிகூட வராது. இதைக் கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். "எல்லாரும் கேட்க மாட்டாங்க அக்கா" என்றான். அப்புறம் அவன் என்னிடம் ஒழுங்காகவே பேசினான்.

"இதை வெளியே எடுத்துட்டுப் போய்ப் பார்க்கணும்" என்றேன். டெமோ போனைக் கொடுத்து, கூடவே அவனும் வந்தான். நடுத்தெரு வெயிலில் நின்று வெளிச்சத்தை முழுக்க ஏற்றினேன். முதல் போன் கறுப்புக் கண்ணாடி மாதிரி என் முகத்தைத்தான் காட்டியது. இரண்டாவதில் கையால் நிழல் கட்டினால் எழுத்து தெரிந்தது. மூன்றாவதில் நிழல் வேண்டியிருக்கவில்லை. பெட்டியில் 'நிட்ஸ்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதுதான் வெளிச்சத்தின் அளவு. ஆனால் பெரிதாக அச்சடிக்கும் எண் ஒரு நொடி உச்சத்தைச் சொல்வது, எப்போதும் கிடைக்கும் அளவு வேறு. நடுத்தெருவில் நின்று பார்த்தால் இந்த எண் கணக்கே வேண்டாம். இன்னொன்று, அழகுக்காகக் கறுப்புப் பின்னணி வைத்திருப்பவர்கள் வெயிலில் வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

திரும்ப உள்ளே வந்து, ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து எழுத்தைச் சின்னதாக்கினேன். இது நானாகக் கண்டுபிடித்த சோதனை, கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். ஆறரை அங்குலத்துக்கு மேல் உள்ள பெரிய திரையில் 720 புள்ளி மட்டும் உள்ள போனில் ஞு, ழு, ளு எல்லாம் சுழி அடைத்து மசிப்பொட்டாகத் தெரிந்தன. 1080 உள்ளதில் சுழிக்குள் ஓட்டை தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் விமர்சனம் சொல்கிறவர்கள் இதைப் பெரிதாக எடுப்பதில்லை போல. எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழில் வேறு வம்பு: பொத்தானுக்குள் வார்த்தை அடங்காமல் 'அனுப்' என்று நின்றுவிடும்.

பையன் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி விரலை நனைத்து ஒரு எண்ணை அழுத்தினேன். "அக்கா, அக்கா!" என்று பதறினான். அவன் பதறுவது நியாயம். ஐபி54, ஐபி64 என்று இந்த விலையில் போட்டிருப்பது தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதற்குத்தான், வாய்க்காலில் விழுந்தால் தாங்காது. தண்ணீர் போய்க் கெட்டால் வாரண்டியும் இல்லை என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் ஈர விரலுக்கு ஒரு போன் தாறுமாறாக ஓடியது, இன்னொன்று கேட்டது. அது எனக்குத் தெரிய வேண்டும், நடவு நேரத்தில் என் கை காய்ந்திருக்கிற மணிநேரம் குறைவு.

கேமரா எண்களை ஒரே வரியில் முடிக்கிறேன். 50 மெகாபிக்சல் என்று போட்டாலும் சாதாரணமாக எடுத்தால் நாலு புள்ளியை ஒன்றாக்கிப் பன்னிரண்டரையாகத்தான் சேமிக்கிறது. பக்கத்தில் உள்ள 2 மெகாபிக்சல் கண்கள் பெரும்பாலும் பொட்டு வைத்த மாதிரி அழகுக்கு. நான் கடை வாசல் வேப்ப மரத்து இலையைக் கிட்டத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நரம்பு தெரிந்தது, போதும்.

கேட்க மறக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, சிம் தட்டு. எனக்கு இரண்டு சிம்மும் வேண்டும், மெமரி கார்டும் வேண்டும். வெயிலில் ஜெயித்த போனில் இரண்டாவது சிம் அல்லது கார்டு, ஏதோ ஒன்றுதான். அதனால் 64 ஜிபி வேண்டாம் என்று 128 உள்ளதற்குப் போனேன். இன்னொன்று, செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் என்பது. பணம் அனுப்பும் போன், மலிவாகக் கிடைக்கிறது என்று அப்டேட் நின்றுபோன பழைய மாடலை எடுக்க எனக்கு மனசில்லை.

மாடல் பெயரை எழுதவில்லை. ஆறு மாதத்தில் அது கடையிலேயே இருக்காது.

ஆன்லைனில் 900 ரூபாய் குறைவாக இருந்தது. இருந்தும் கடையில் வாங்கினேன், வெயிலில் நிறுத்திப் பார்க்கவிட்ட பையனிடம் வாங்காமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. 12,499. பில் போடும் இடத்தில் இருந்தவர் தவணை எடுங்கள், வட்டியே கிடையாது என்று விடாமல் பேசினார். தாளைப் படித்தால் நடைமுறைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. வேண்டாம் என்றேன். சார்ஜர் பெட்டியில் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன், இருந்தது. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தி வந்த ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, பெட்டியோடும் பில்லோடும் சேர்த்துப் பார்த்ததில் பில்லில் கடைசி இரண்டு இலக்கம் மாறியிருந்தது. கைத்தவறுதான், உடனே திருத்திக் கொடுத்தார்கள். திருத்தாமல் வந்திருந்தால் நாளைக்கு போன் தொலைந்து புகார் கொடுக்கும்போது அந்த பில் எதற்கும் உதவாது. கேஒய்எம் என்று இங்கிலீஷில் அடித்து, இடம் விட்டு அந்த 15 இலக்க எண்ணை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் கம்பெனி, மாடல் விவரம் வரும். பழைய போன் வாங்குபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது இது.

வீட்டுக்கு வந்து திண்ணைத் தட்டிலிருந்து பழையதை எடுத்து உயிர் கொடுத்தேன். வாட்ஸப் மாற்றி, படங்கள் மாற்றி முடிக்கும்போது 9 சதவீதம். அப்புறம் அதை அணைத்து, அடுத்த நாள் சர்வீஸ் கடையில் கொடுத்துவிட்டேன். குப்பையில் போடாதீர்கள்.

பணம் அனுப்பும் ஆப்தான் கடைசியில் காலை வாரியது. புதுப் போனில் பதிவு செய்ய வங்கி சிம்மிலிருந்து அதுவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அந்த சிம்மில் ரீசார்ஜ் முடிந்திருந்தது, மூன்று தடவை தோல்வி. ரீசார்ஜ் போட்டு உள்ளே நுழைந்தால் அடுத்தது: போன் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. திருட்டுக்குப் பாதுகாப்பு, நல்ல ஏற்பாடுதான். மறுநாள் காலை எனக்கு நடவு. ஆட்களை அழைத்து வரும் அக்காவுக்கு அன்று மத்தியானமே 8,400 கொடுத்தாக வேண்டும்.

5,000 அனுப்பினேன். வரப்பில் வெயிலில் நின்று, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மீதி 3,400-க்கு விழித்துக்கொண்டு நின்றேன். அத்தை இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, மடித்து மடித்து வைத்திருந்த ஐந்நூறு, நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி அந்த அக்கா கையில் வைத்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வரம்பு நீங்கியதும், "அத்தை, உங்க அக்கவுண்டுக்கு அனுப்பிடுறேன்" என்று போனை எடுத்தேன்.

"அதுல எல்லாம் வேண்டாம்" என்றார். "எண்ணிக் கையில குடு."

அதற்காக ஏடிஎம் வரை போய்வந்தேன்.