ஈஸ்ட்டில் எம்என்ஏஸ் டைட்ரேஷன்: நான் செய்து முடித்த விதம்

ஈஸ்ட்டில் எம்என்ஏஸ் போட்டு நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிய டிஎன்ஏ சுருள்) பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எம்என்ஏஸ் டிஎன்ஏவை வெட்டும் என்சைம், நியூக்ளியோசோமுக்குள் இருப்பதை எளிதில் வெட்டாது; அதன் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பதுதான் டைட்ரேஷன். புரோட்டோகால் எங்கும் கிடைக்கும், ஆனால் எந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்பது அதில் இருக்காது.

ஒரு ப்ரொமோட்டரில் (ஜீனைத் தொடங்கி வைக்கும் டிஎன்ஏ பகுதி) உட்கார்ந்திருக்கும் நியூக்ளியோசோம் கெட்டியாக இருக்கிறதா, லேசில் கழன்றுவிடுமா, அதற்கும் அந்த ஜீன் ஓடுவதற்கும், அதாவது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுவதற்கும், என்ன சம்பந்தம் என்பதுதான் என் கேள்வி. எட்டு ஹிஸ்டோன்களைச் சுற்றி 147 பேஸ் ஜோடி டிஎன்ஏ ஏறத்தாழ 1.65 சுற்று சுற்றியிருக்கும், அந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்ட இடத்தில் ஜீனை ஓட வைக்கும், அடக்கும் புரதங்களான டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களில் பெரும்பாலானவற்றால் போய் ஒட்ட முடியாது.

முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் ஃபோ5 ஜீனை எடுத்தேன். பாஸ்பேட் தாராளமாக இருந்தால் அது அடங்கியிருக்கும், பாஸ்பேட் இல்லாமல் வளர்த்தால் ஓடத் தொடங்கும். அதை ஓட வைக்கும் ஃபோ4 புரதம் அதன் ப்ரொமோட்டரில் ஒட்டும் இரண்டு இடங்களில் ஒன்று வெளியே தெரியும், இன்னொன்று ஒரு நியூக்ளியோசோமுக்குள் புதைந்திருக்கும். அந்த நியூக்ளியோசோமுக்குள்ளேயே கிளா1 என்சைம் வெட்டும் இடமும் இருப்பது நமக்கு வசதி. நியூக்ளியஸைப் பிரித்தெடுத்து கிளா1 போட்டால், ஜீன் அடங்கியிருக்கும்போது கொஞ்சம்தான் வெட்டும், ஓடும்போது நியூக்ளியோசோம் விலகிவிடுவதால் பெரும்பகுதி வெட்டிவிடும். மியூனிக்கில் வொல்ஃப்ராம் ஹோர்ட்ஸ் குழு செய்து காட்டிய பழைய முறைதான், இன்றைக்கும் இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியவில்லை. 1988இல் ஹானும் கிரன்ஸ்டைனும் செல்லில் ஹெச்4 ஹிஸ்டோனைக் குறைத்தபோது பாஸ்பேட் இருந்தும் ஃபோ5 ஓடியது, ஆக அங்கே தடையே நியூக்ளியோசோம்தான்.

அப்புறம்தான் எம்என்ஏஸ். சைமோலியேஸ் போட்டு செல் சுவரைக் கரைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, ஒரு துளியை எஸ்டிஎஸ் என்ற சோப்புக் கரைசலில் விட்டால் கலங்கல் தெளிய வேண்டும், அவ்வளவுதான். பார்த்துச் செய்ய வேண்டியது என்சைம் அளவை. ஒரே தொகுதிச் செல்களைச் சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் முந்தையதைப் போல இரு மடங்கு என்சைம் போட்டேன், நேரமும் வெப்பநிலையும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இந்த என்சைமுக்குக் கால்சியம் வேண்டும், அதனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவும் எஸ்டிஎஸும் விட்டால் வேலை நின்றுவிடும், ஆனால் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் நிறுத்த முடியாது என்பதால் என்சைம் போடும்போதே சிறிய இடைவெளி விட்டுப் போட்டு அதே வரிசையில் நிறுத்தினேன். ஜெல்லில் குறைந்த அளவில் ஏணி போல ஒன்று, இரண்டு, மூன்று நியூக்ளியோசோம் பேண்டுகள், கூடிய அளவில் கிட்டத்தட்ட 150 பேஸ் ஜோடியில் ஒரே பேண்ட்.

வழக்கமாக அந்த ஒற்றை பேண்ட் அழகாக இருக்கும் குழாயை மட்டும் எடுத்து சீக்வென்சிங்குக்கு அனுப்புவார்கள். நான் லேசாக வெட்டியதையும் சேர்த்து அனுப்பினேன், செலவு கூடினாலும் கதையே அதில்தான் இருந்தது. நன்றாக வெட்டிய சாம்பிளில் காலியாகத் தெரிந்த சில ப்ரொமோட்டர்களில், லேசாக வெட்டியதில் தெளிவான பீக் (துண்டுகள் குவிந்த மேடு) இருந்தது, அவற்றில் பல சுறுசுறுப்பாக ஓடும் ஜீன்கள். ஒரே அளவில் செய்திருந்தால் அங்கே எதுவுமே இல்லை என்று எழுதியிருப்பேன்.

சரி, அதெல்லாம் தளர்ந்த நியூக்ளியோசோம்தானா? இங்கேதான் சண்டை. 2015இல் ஜெனீவாவில் டேவிட் ஷோர் குழு ஆர்எஸ்சி என்ற ரீமாடலர் (நியூக்ளியோசோமை நகர்த்தும் புரதக் கூட்டம்) சேர்ந்த நிலையற்ற நியூக்ளியோசோம்கள் ப்ரொமோட்டரில் இருப்பதாகச் சொன்னது, 2017இல் டேவிட் கிளார்க் குழு அவற்றில் பல ஹிஸ்டோனே இல்லாத புரதக் கூட்டங்கள் என்று மறுத்தது. போதாததற்கு எம்என்ஏஸ் டிஎன்ஏ எழுத்துகளில் ஏ, டி அதிகமான இடங்களை விரும்பி வெட்டும், ஈஸ்ட் ப்ரொமோட்டர்களில் அதுதான் அதிகம். அதனால் வெறும் டிஎன்ஏவையும் அதே என்சைமில் வெட்டி ஒப்பிட்டேன், லேசாக வெட்டிய சாம்பிளில் ஹெச்4 ஆன்டிபாடி போட்டு ஐபி செய்தேன், அதாவது ஹெச்4 ஒட்டிய துண்டுகளை மட்டும் பிடித்து இழுத்தேன். சில ப்ரொமோட்டர்களில் ஹிஸ்டோன் வந்தது, சிலவற்றில் வரவில்லை. வந்தவற்றைத்தான் நியூக்ளியோசோம் என்று எழுதுகிறேன், மற்றவற்றை 'எம்என்ஏஸில் சீக்கிரம் வெட்டுப்படும் பகுதி' என்று விட்டுவிட்டேன். இந்த ஐபியைச் சிறிய அளவில் செய்து, இரண்டு மூன்று ப்ரொமோட்டர்களுக்கு மட்டும் கியூபிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை) போட்டுப் பார்ப்பதை சீக்வென்சிங்குக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள், செலவும் குறைவு.