அரை மைக்ரான் கோந்து

லேசர் கம்பெனில வேலைன்னு அம்மா ஊர்ல சொல்லி வச்சதுல, எதிர்வீட்டு அக்கா போன் போட்டு கண்ணாடி போடாம இருக்க லேசர் வைப்பாங்களாமே, தெரிஞ்சவங்கன்னா கொஞ்சம் கம்மி பண்ணுவாங்களா தம்பின்னு கேட்டாங்க. அது இல்லக்கா, இது சாட்டிலைட்டுக்குன்னேன். சாட்டிலைட்டுக்கு எதுக்குப்பா கண்ணுன்னாங்க. இப்ப யோசிச்சா அவங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி, நாங்க அங்க பண்ணிட்டிருந்தது முக்காவாசி கண்ணு வேலைதான்.

பெங்களூர்ல சின்ன ஸ்டார்ட்அப், நான் சேரும்போது மொத்தமே பதினோரு பேர். ரெண்டு சாட்டிலைட் ஒன்னோட ஒன்னு ரேடியோ இல்லாம லேசர்ல பேசிக்கற டெர்மினல் பண்றதுதான் வேலை. எதுக்கு இதுன்னா, 500 கிமீ உயரத்துல சுத்தற சாட்டிலைட் ஒரு கிரவுண்ட் ஸ்டேஷனுக்கு மேல வந்தா கண்ல படறது பத்து நிமிஷம் இருந்தாலே ஜாஸ்தி, அதுக்குள்ள எடுத்த படத்த எல்லாம் இறக்கணும், இல்லன்னா அடுத்த தடவை வர்ற வரைக்கும் மூட்டைய சுமந்துக்கிட்டே சுத்தணும். பக்கத்துல போற இன்னொரு சாட்டிலைட்டுக்கு கைமாத்தி விட்டுட்டா அது அதோட ஸ்டேஷன்ல இறக்கிடும். லேசர்னா ரேடியோ மாதிரி ஸ்பெக்ட்ரம் லைசென்ஸுக்கு அலைய வேண்டியதும் இல்ல.

பணம் போட வர்றவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி ஸ்பீடு எவ்ளோ. நாங்களும் ஸ்லைடுல அதத்தான் பெரிய எழுத்துல போட்டு வச்சிருந்தோம். ஆனா உள்ள யாரும் ஸ்பீட நெனச்சு தூக்கம் கெட்டதில்ல, ரெண்டும் ஒன்ன ஒன்னு பாத்துக்குமாங்கறதுதான் கவலை. எங்க பீம் விரியறது 15 மைக்ரோரேடியன், அதாவது 1000 கிமீ தள்ளிப் போனாலும் வெளிச்சம் விழற வட்டம் 15 மீட்டர்தான் இருக்கும். எதிர்ல இருக்கறது குறுக்க செகண்டுக்கு ஏழரை கிமீ வேகத்துல போகுதுன்னு வைங்க, அதோட வெளிச்சம் நமக்கு வந்து, நம்ம வெளிச்சம் திரும்பப் போய்ச் சேர்றதுக்குள்ள அது 50 மீட்டர் நகந்துடும். பாத்த எடத்துக்கே அடிச்சா காத்துலதான் (அங்க காத்தும் கிடையாது). நிக்காத பஸ்ல துண்டு போட்டு சீட் புடிக்கற மாதிரி, ஜன்னல பாத்து இல்ல, ஜன்னல் வரப்போற எடத்த பாத்துப் போடணும். அதுக்கும் முன்னாடி முதல்ல கண்டுபிடிக்கணுமே, அதுக்கு ஒருத்தன் அசையாம பாத்துட்டே இருப்பான், இன்னொருத்தன் கொசுவத்திச் சுருள் மாதிரி நடுவுலேந்து வெளிய வெளிய பீம சுத்திட்டே வருவான், எங்கயாவது ஒரு எடத்துல பட்டு பளிச்சுன்னா அப்படியே புடிச்சுக்கணும்.

எங்க கூட இஸ்ரோல ரிட்டயர் ஆன சார் ஒருத்தர் இருந்தாரு, நாகர்கோவில் பக்கம். டீ நேரத்துல ஆர்ட்டெமிஸ் கதை சொல்வாரு. 2001ல ஐரோப்பாக்காரங்க விட்ட சாட்டிலைட், ராக்கெட் சொதப்பி போக வேண்டிய உயரத்துக்குப் போகல, அப்படியும் அந்த வருஷம் நவம்பர்ல கீழ சுத்திட்டிருந்த ஸ்பாட்-4ங்கற சாட்டிலைட் கிட்டேந்து லேசர்லயே படம் வாங்கிச்சு, செகண்டுக்கு 50 மெகாபிட்ல. இன்னிக்கு ஸ்டார்லிங்க்ல ஒரு லிங்க் 100 ஜிகாபிட்டே போகுது. ரெண்டாயிரம் மடங்கு ஏறிடுச்சு, ஆனா குறி பாக்கற பாடு மட்டும் அன்னிக்கு இருந்த மாதிரியேதான் இருக்குலா தம்பின்னு சிரிப்பாரு.

இனி என் கதைக்கு வரேன். டெர்மினலுக்குள்ள அனுப்பற பீம திருப்பி விடற ஒரு இஞ்ச் கண்ணாடி ஒன்னு, இன்வார்ங்கற சூட்டுக்கு அவ்வளவா விரியாத உலோக பிரேம்ல மூணு சொட்டு எப்பாக்ஸி கோந்து வச்சு ஒட்டணும். ஒட்டினது நான். ஒரு வாரத்துல இன்வெஸ்டர் டெமோ, அதனால கோந்து காயறதுக்கு குடுக்க வேண்டிய நேரத்த குறைச்சு அடுப்புல சூட்டக் கொஞ்சம் ஏத்தினேன், மூணாவது சொட்டு மத்ததவிட பெருசா விழுந்தத பாத்தேன், பாத்தும் விட்டுட்டேன். டெமோ அமர்க்களமா போச்சு, ஒரு மேஜைலேந்து இன்னொரு மேஜைக்கு வீடியோ ஓடிச்சு, எல்லாரும் கை தட்டினாங்க.

அப்புறம் விண்வெளி மாதிரி காத்த உறிஞ்சின வேக்கம் சேம்பர்ல போட்டு சூடு குளிர்னு மாத்தி மாத்தி எட்டு ரவுண்டு. வெளிய எடுத்து சோதிச்சா வாங்கற பக்கம் எல்லாம் சரியா இருக்கு, அனுப்பறது மட்டும் எதிர்ல போய்ச் சேரல. மூணு ராத்திரி சாஃப்ட்வேர திட்டினோம். கன்ட்ரோல் கோட் எழுதின பையன் எக்ஸும் ஒய்யும் மாத்திப் போட்டுட்டான்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டோம், பாவம் அவன் சாப்பிடாம கூட உக்காந்து ஒவ்வொரு லைனா தேடினான். எங்க லேசர் 1550 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்கும் தெரியாது, பட்டா ஒளிர்ற கார்ட கைல வச்சுக்கிட்டு பீம் எங்க போகுதுன்னு குருடன் மாதிரி தடவிட்டிருந்தோம்.

நாலாவது நாள் சார் வந்து, வந்த வழியே வெளிச்சத்த திருப்பி அனுப்பற முக்குக் கண்ணாடி ஒன்ன முன்னாடி வச்சாரு. அனுப்பற திசையும் பாக்கற திசையும் ஒன்னா இருந்தா புள்ளி நடுவுல விழணும். 30 மைக்ரோரேடியன் தள்ளி விழுந்துச்சு, அதாவது பீம் அகலத்துக்கு ரெண்டு மடங்கு. கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டு, கோந்து யாரு வச்சதுன்னு மட்டும் கேட்டாரு.

உக்காந்து கணக்குப் போட்டேன். பீம் 30 திரும்பணும்னா கண்ணாடி 15 சாஞ்சா போதும், ஒரு இஞ்சுக்கு அது அரை மைக்ரான் கூட வரல, தலைமுடி கனத்துல நூத்துல ஒரு பங்குக்கும் கீழ. அந்த பெரிய சொட்டு சரியா காயாம இருந்து, சேம்பர்ல மிச்சம் காஞ்சு சுருங்கி கண்ணாடிய ஒரு பக்கம் இழுத்துருக்கு. அவ்ளோதான் விஷயம். கழட்டி, புதுசா ஒட்டி, முழுசா காய வச்சு, திரும்ப எல்லா டெஸ்டும் பண்ணி முடிக்க ஏழு வாரம் ஆச்சு. அதுக்குள்ள நாங்க எடம் போட்டிருந்த ராக்கெட் போயிடுச்சு, துண்டு போட்டும் பஸ் போன கதை. யாரும் என்ன திட்டல, அதான் கஷ்டமா இருந்துச்சு. அந்தப் பையன்கிட்ட மட்டும் போய் சாரிடான்னேன், பரவால்லண்ணா, அந்த சாக்குல வேற ரெண்டு பக் கெடச்சுதுன்னான்.

ரெண்டாவது தடவை சேம்பர்லேந்து எடுத்து சார் அதே முக்குக் கண்ணாடிய வச்சப்ப 3 வந்துச்சு, 30 இல்ல, 3. நான் இன்னும் கொஞ்சம் நகத்தி ஒன்னுக்குக் கொண்டு வரலாமான்னு ஸ்க்ரூகிட்ட கைய கொண்டு போனேன். சார் என் மணிக்கட்ட புடிச்சு மெதுவா கீழ எறக்கி விட்டுட்டு, மூடியப் போட்டு, மேல டேப் ஒட்டி தேதி எழுதினாரு.