ஆண் ஆமை இல்லாவிட்டாலும் முட்டை வரும்: ஸ்லைடர் வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

தொட்டியில் இருப்பது ஒற்றை ஆமை, கூட ஆணே கிடையாது, முட்டை எங்கிருந்து வரும் என்று நினைத்துத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பண்ணைக் கோழி சேவல் இல்லாமல் முட்டையிடுவதுபோலத்தான் இதுவும். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியாக வாங்கி வந்த ரெட் இயர்டு ஸ்லைடர் என்ற நீர் ஆமை, நல்ல தீனி கிடைத்து ஓடு 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வளர்ந்துவிட்டால், பெண்ணாக இருக்கும் பட்சத்தில் கரு கூடாத முட்டையை உருவாக்க ஆரம்பித்துவிடும். எப்போதோ ஆணுடன் இருந்திருந்தால் கரு கூடிய முட்டையே வரலாம். விந்தணுவை வருடக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைக்கக்கூடிய பிராணி இது. எந்த முட்டையானாலும் வெளியே வந்தாக வேண்டும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் அடக்கி வைத்துக்கொள்ளும். ஆபத்து அங்கேதான்.

பெண்தானா என்று பார்ப்பது எளிது. முன்கால் நகங்கள் குட்டையாக, வால் ஒல்லியாக, கழிவுத் துவாரம் ஓட்டின் விளிம்புக்கு உள்ளேயே இருந்தால் பெண். ஆணுக்கு முன்கால் நகம் நீளும், வால் தடிக்கும், துவாரம் ஓட்டைத் தாண்டி இருக்கும்.

முட்டை இருப்பதற்கான அடையாளம் உடம்பைவிட நடத்தையில்தான் முதலில் தெரியும். எப்போதும் தீனிக்கு அலையும் ஆமை திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தொட்டியின் மூலையில் ஏறி ஏறி விழும், இரவெல்லாம் கண்ணாடியைப் பிராண்டும். வெயில் காயும் மேடையில் நின்று பின்கால்களால் வெறும் பலகையைத் தோண்டுவதுபோல் மாறி மாறி உதைத்தால் பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம். பின்காலுக்கு முன்னால் இருக்கும் குழியில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். பழகாத கை அழுத்தினால் முட்டை உள்ளேயே உடையும். உடைந்தால் வயிற்றுக்குள் கிருமித் தொற்று வரும். ஆகவே அந்த வேலையே வேண்டாம், எக்ஸ்ரே எடுத்தால் ஓடு கட்டிய முட்டைகள் ஒன்று விடாமல் தெரியும்.

எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்காமல் மண் பெட்டியை வைத்துவிடுங்கள். முட்டை இல்லை என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. 20 செ.மீ. ஆமைக்கு 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், மண் மட்டும் 25 செ.மீ. ஆழம். கணக்குப் போட்டால் 135 லிட்டர், ஈர மண் 200 கிலோவைத் தாண்டும். எங்கே இருக்கப்போகிறதோ அங்கே வைத்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள். மண்ணுக்கு மேல் பக்கச் சுவர் இன்னும் 30 செ.மீ. எழும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறிக் குதித்துவிடும்.

மண் கலவை பாதி ஆற்று மணல், பாதி செம்மண். எம்-சாண்ட் வேண்டாம், அது நொறுக்கிய பாறை, முனைகள் கூராக இருந்து காலை உரசும். உரம் போட்ட தொட்டி மண்ணும் ஆகாது. தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் பிடி பிடியாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. காய்ந்த மணல் தோண்டத் தோண்டச் சரிந்து விழும். ஆமை அலுத்துப்போய் விட்டுவிடும். பெரும்பாலான பெட்டிகள் தோற்பது இந்த ஒரு காரணத்தால்தான். மண்ணின் சூடு 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. இங்குள்ள கோடையில் தனியாக விளக்கு தேவைப்படாது, ஏசி அறையில் வைத்தால் தேவைப்படும்.

காலையோ மாலையோ இரண்டு மூன்று மணி நேரம் அதில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குத் திருப்பிவிடுங்கள். ஸ்லைடர் தண்ணீருக்குள்தான் விழுங்கும், ஆகவே நாள் முழுக்க மண்ணில் அடைத்து வைக்கக் கூடாது. பெட்டியைச் சுற்றி ஒரு பழைய துணியைக் கட்டி மறைத்துவிடுங்கள். எட்டி எட்டிப் பார்ப்பதும் செல்போனை நீட்டுவதும்தான் இங்கே பெரிய இடைஞ்சல். இடம் பிடித்துவிட்டால் முதலில் கழிவுத் துவாரத்திலிருந்து நீரை விட்டு மண்ணை நனைக்கும். பிறகு ஒரு பின்கால் மாற்றி ஒரு பின்கால், கரண்டி கரண்டியாக மண்ணை அள்ளி வெளியே வைக்கும். தலை திரும்பிப் பார்ப்பதே இல்லை. குழி வாய் குறுகி, அடி அகன்று குடுவை வடிவில் இருக்கும். இட்டு முடித்ததும் அதே கால்களால் மூடி, அடிவயிற்று ஓட்டால் தட்டிச் சமன் செய்யும். பாதி தோண்டிவிட்டுக் கைவிடுவதும் உண்டு. மறுநாளும் விடுங்கள்.

முட்டை ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து உடம்பிலிருந்துதான் போகும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, உப்புப் போக ஊறவைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கொறித்துக்கொள்ளும். முருங்கைக்கீரை கொடுக்கலாம். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், தவிர்ப்பது நல்லது. இவ்வளவும் உடம்பில் ஒட்ட யூவிபி என்ற புற ஊதா ஒளி வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் அது கிடையாது. காலை வெயிலில் அரை மணி நேரம், பாதி நிழல் விழும் டப்பில் விட்டால் விளக்கே தேவையில்லை. உச்சி வெயிலில் நிழலில்லாத டப்பில் மறந்துவிட்டால் வெந்து செத்துவிடும்.

தோண்டத் தவித்துக்கொண்டிருந்த ஆமை முட்டையிடாமலே ஓய்ந்து சோர்ந்துவிட்டால், அது நல்ல சேதியல்ல. முக்கியும் முட்டை வராதது, பின்கால் தளர்வது, துவாரத்தில் ரத்தமோ நாற்றமோ சதைப் பிதுக்கமோ தெரிவது, இதில் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். விளக்கெண்ணெய் தடவுவது, விரலால் இழுப்பது எல்லாம் கொலை வேலை. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, கொங்குப் பக்கம் என்றால் நாமக்கல் கல்லூரி. பொதுவாகக் கால்சியமும், பிறகு முட்டையை வெளியே தள்ளவைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனும் ஊசியாகப் போடுவார்கள், ஆமைகளுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனால் முட்டை பெருத்தோ, கோணியோ, சிறுநீர்ப்பைக் கல் வழியை அடைத்தோ இருந்தால் ஊசியின் வேகத்தில் உள்ளே கிழிந்துவிடும். எக்ஸ்ரே பார்க்காமல் ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தண்ணீரிலேயே இட்டுவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். அதுவே தின்னும், உடைந்தது தண்ணீரைக் கெடுக்கும். பொரிக்கவைக்கும் ஆசை வேண்டாம் என்பேன். அமெரிக்காவின் மிசிசிபிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. கூடுதல் குட்டிகள் கடைசியில் கோயில் குளத்தில்தான் போய் விழும், நம்மூர் பாலாமையின் இடத்தைப் பிடிக்கும். முட்டையை 24 மணி நேரத்துக்குள் கவரில் கட்டி உறைபெட்டியில் வைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள். ஆமையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இதன் உடம்பில் சாதாரணமாக இருக்கும். பாத்திரம் கழுவும் சிங்க்கில் தொட்டிச் சாமானைக் கழுவவே கூடாது.

ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் 6 முதல் 11 முட்டை. எக்ஸ்ரேயில் எண்ணியதைவிடக் குறைவாக இட்டிருந்தால் மீதி ஓரிரு நாளில் வரலாம், வராவிட்டால் மறுபடி படம் எடுக்க வேண்டும். இட்டு முடித்தாயிற்று என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். சில வாரம் கழித்து அடுத்த ஈடு தயாராகலாம்.