ஒரே தீவு, ரெண்டு நாடு

"ஹைத்திக்காரங்க சோம்பேறிங்க, அதான் ஏழை"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம்தான் வருது.

கரீபியன் கடல்ல இருக்கிற ஹிஸ்பானியோலா தீவுல கிழக்கே டொமினிகன் குடியரசு, மேற்கே ஹைத்தி. வடகிழக்குக் காத்து கொண்டு வர்ற மழையில பெரும்பங்கை மலைகள் கிழக்கிலேயே பிடிச்சுக்கும். கிழக்கை ஆண்ட ஸ்பெயினுக்கு அங்க மாடு மேய்ச்சல்தான் அதிகம். மேற்கில பிரான்ஸ், ஆப்பிரிக்க அடிமைகளைச் சாகச் சாக வேலை வாங்கி கரும்பும் காப்பியும் விளைவிச்சது.

அந்த அடிமைகளே போராடி 1804ல விடுதலை வாங்கினாங்க. 1825ல பிரான்ஸ் போர்க்கப்பல்களோட வந்து 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டுச்சு. யாருக்கு? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு! பிறகு 9 கோடியாக் குறைச்சாங்க. ஆனா அதுக்காக வாங்கின கடன் 1947 வரை இழுத்துச்சு.

இன்னிக்கும் டொமினிகன் கரும்புத் தோட்டங்கள்ல கூலிக்கு வெட்டுறவங்கள்ல பெரும்பாலும் ஹைத்திக்காரங்கதான்.